அத்தானுக்கு மூக்கடைத்த வாரம்

குவைத்தின் அப்பாசியாவில் நாங்கள் இருந்த ஃபிளாட்டின் சமையலறை மேடையில், வெள்ளிக்கிழமை காலைகளில், சுலைமானி டீ குடிக்கிற சின்னக் கண்ணாடி கிளாஸ்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் பச்சைத் தண்ணீர் மாதிரி ஒன்று. தெரியாத ஆள் பார்த்தால், விருந்தாளிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அத்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கிளாஸிலிருந்து கடைசிவரை குனிந்து குனிந்து மோந்து பார்த்துக்கொண்டே போவார். போன வழியே திரும்பி வருவார். இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, கையைக் குவித்து மூக்கின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். அந்த நேரம் வீட்டில் யாரும் பேசக் கூடாது. அக்கா மட்டும் பேசுவாள். "கோயில்ல கொண்டு நிறுத்துனா ஒரு நிமிஷம் ஒழுங்கா நிக்க மாட்டாரு. இதுக்கு நிக்காரு பாரு, தவசி மாதிரி!"

அக்காவின் வீட்டுக்காரர்தான் நான் சொல்லும் அத்தான். நாகர்கோவில்காரர். குவைத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் ஆபரேட்டர். கடல் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, ஆவியைக் குளிரவைத்து நல்ல தண்ணீராக இறக்குவது அவருடைய டியூட்டி. வாரம் முழுக்க அதைச் செய்த மனுஷன், லீவு நாளிலாவது சும்மா இருக்கக் கூடாதா? இருக்க மாட்டார். சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு டிரம்மில் ஊறல் வைத்து, பெரிய குக்கரில் ஏற்றி, செம்புக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குவார். குவைத்தில் சாராயம் குடிப்பதே குற்றம். காய்ச்சினால் கேட்கவே வேண்டாம். நான் அப்போது கல்யாணமாகாதவள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து, அக்கா வீட்டில் ஒரு ரூமில் ஒண்டிக்கொண்டிருந்தேன். "அத்தான், போலீஸ் வந்தா என் லைசென்ஸும் சேந்து போகும், தெரியுமா?" என்று சண்டை போடுவேன். அவர் சிரிப்பார். "போலீசு மோந்து பாத்தாத்தான மக்கா வரும்? உங்க அக்கா மீன் பொரிக்கையில எந்தப் போலீசு வரும்?" என்பார்.

அது உண்மைதான். குக்கரை அடுப்பில் ஏற்றும் நாளெல்லாம் அக்கா மத்தி மீனும் நெத்திலிக் கருவாடும் பொரிப்பாள். ஊறல் வாசத்தை அடக்க அதுதான் மருந்து. மாடியில் இருந்த மலையாளிக் குடும்பம், தமிழ்நாட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் மீன் சாப்பிட்டே சாவார்கள் என்று நினைத்திருக்கும். ஒரு நாள் அந்தச் சேச்சி லிஃப்டில் என்னைப் பார்த்து, "நிங்கள்க்கு இது வழிபாடோ?" என்றே கேட்டுவிட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்ல?

அத்தான் அதை விற்றதில்லை. அவருக்கும் பெரிய குடியில்லை. சோறு தின்பதற்கு முன்னால் ஒரு சின்ன கிளாஸ், அதோடு சரி. மற்றதெல்லாம் கூட்டாளிகளுக்குப் போகும். அப்படியென்றால் எதற்கு இந்தப் பாடு என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு விடை கிடைத்தது அவர் சொன்னதிலிருந்து இல்லை, அவர் கொட்டியதைப் பார்த்துத்தான்.

குழாயிலிருந்து முதலில் வருவதற்குத் தலை என்று பெயர் வைத்திருந்தார். நடுவில் வருவது நெஞ்சு. கடைசியில் வருவது வால். தலையில் நகப்பாலிஷ் அழிக்கிற மருந்தின் நாற்றம் சுருக்கென்று ஏறும். வாலில் நனைந்த சாக்கின் வாடை. நெஞ்சில் இரண்டும் இருக்காது, இலேசாக ஒரு இனிப்பு மணம் மட்டும். தலை எங்கே முடிகிறது, நெஞ்சு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்து வெட்டுவதுதான் சூட்சுமம். அதற்குத்தான் ஒரே பாத்திரத்தில் பிடிக்காமல் சின்னச் சின்னக் கிளாஸாகப் பிடிப்பது. பிடித்ததைத் துணி போட்டு மூடி ஒரு நாள் வைத்திருந்து, பிறகு மறுபடியும் மோந்து, சந்தேகம் வந்த கிளாஸையெல்லாம் எடுத்துப் போய்க் கக்கூஸில் கொட்டுவார். சந்தேகம் என்றால் கொட்டுதான். கொட்டும்போது முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது. கூட்டாளிகள்தான் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்வார்கள்.

அதில் முதல் ஆள் டிரைவர் அண்ணன். அத்தானின் ஆலைக்கு ஆட்களை ஏற்றிவரும் பஸ்ஸை ஓட்டுபவர். அறந்தாங்கிப் பக்கம். அத்தானைவிட மூத்தவர், கறுத்து உயர்ந்த உருவம், பேச்செல்லாம் சத்தம்தான். அவர் கக்கூஸ் வாசலில் மறித்துக்கொண்டு நிற்பார். "தம்பி, பெத்த பிள்ளைய ஆத்துல விடுற மாதிரி விடுறியேப்பா! அதுலதானப்பா கிக்கே இருக்கு!" அத்தான் அவரைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கொட்டிவிட்டுத் தண்ணீரை இழுத்துவிடுவார். "கிக்கு இல்லண்ணே, அது தலவலி. நாளைக்குக் காலைல பஸ்ஸை நீங்க ஓட்டணுமா, பஸ்ஸு உங்கள ஓட்டணுமா?"

ஒருமுறை நான் நர்ஸ் மேதாவித்தனத்தில், "தலையைக் குடித்தால்தானே கண் போகும்?" என்று கேட்டேன். அத்தான் இல்லை என்றார். சர்க்கரை ஊறலின் தலை மண்டையை இடிக்கும், குடலைப் புரட்டும். கண்ணைப் பிடுங்குவது வேறு. அது பெயின்ட்டுக்கும் பாலிஷுக்கும் வரும் ஃபேக்டரி ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து விற்கிறவனின் வேலை. "குடிக்கவனுக்கு அத மோந்தாலும் தெரியாது, குடிச்சாலும் தெரியாது. மறுநாள்தான் தெரியும். அந்தச் சவத்துக்குப் பயந்துதான் மக்கா நானே காச்சுகேன். நம்ம ஆளுக எப்பிடியும் குடிப்பானுக. கண்ட எடத்துல வாங்கிக் குடிக்காம இருக்கட்டும்." சட்டப்படி அது தப்பு என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் அன்று முதல் நான் அவரோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். கிடைத்ததில் பாதியைத் தன் கையாலேயே சாக்கடைக்கு அனுப்புகிற மனிதரை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. எங்கள் குடும்பத்தில் பழங்குழம்பைக்கூடக் கொட்ட மாட்டோம்.

டிரைவர் அண்ணனின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது அடுத்த வருஷத்துக் கோடையில். லீவு கிடைத்து டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. மனுஷன் பூமியில் கால் பாவாமல் அலைந்தார். மகளின் போட்டோவைப் பஸ்ஸில் ஏறுகிறவனுக்கெல்லாம் காட்டினார். வங்காளிக்கும் காட்டினார், எகிப்துக்கார மிஸ்ரிக்கும் காட்டினார். ஊருக்குப் போகுமுன் ரூம்காரர்களுக்கு ஒரு விருந்து வைக்க வேண்டும், பிரியாணி அவர் பொறுப்பு, நெஞ்சு அத்தான் பொறுப்பு என்று பேச்சு.

அந்த வாரம் பார்த்துப் புழுதிப் புயல் அடித்தது. குவைத்தில் புழுதி கிளம்பினால் கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு எல்லாவற்றிலும் வந்து, சோற்றிலும் நறநறவென்று கடிபடும். அத்தானுக்கு மூக்கு முழுதாக அடைத்துவிட்டது. ஊறல் பக்குவமாகி நிற்கிறது. வெள்ளிக்கிழமை காலை டிரைவர் அண்ணன் காலி பாட்டில்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அத்தான் அடுப்பே பற்றவைக்கவில்லை.

"எனக்கு வாசம் தெரியலண்ணே. மூக்கு இல்லாம எப்பிடி வெட்ட?"

"தெர்மாமீட்டர் வச்சிருக்கியேப்பா! அதப் பாத்து வெட்டு!"

"அது பொய் சொல்லாது. ஆனா முழுசும் சொல்லாது."

"சரி, நான் மோந்து சொல்றேன். எனக்கு மூக்கு இல்லையா?"

"உங்க மூக்குக்குத் தலையும் மணக்கும், வாலும் மணக்கும்ணே!" என்றார் அத்தான். நானும் அக்காவும் சிரித்துவிட்டோம். டிரைவர் அண்ணன் சிரிக்கவில்லை. என் மக கல்யாணத்துக்கு இதுகூடச் செய்ய மாட்டியா என்று முகம் தொங்கிப் போய்விட்டது. அத்தான் ஊறலை அப்படியே கொட்டிவிட்டார். புளித்தது இனிக் கெட்டுப்போகும், வேறு வழியில்லை. நான் அன்றைக்கு அத்தானிடம் சொன்னேன், கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று. "எதுல விட்டுக்குடுக்க மக்கா?" என்று கேட்டுவிட்டு ஆவி பிடிக்கப் போய்விட்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், தொழுகை முடிந்து தெருவில் கார்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், டிரைவர் அண்ணனை அவருடைய ரூம்காரர்கள் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். காலையிலிருந்து வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகல். அதைவிட வேறொன்று என்னைத் திடுக்கிட வைத்தது. சோபாவை அவர் கையால் தடவித் தேடி உட்கார்ந்தார். "என்னமோ பனி எறங்குன மாதிரி இருக்கு தம்பி. உன் மூஞ்சி தெரியல" என்றார். ரூம்காரர்களில் ஒருவன் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தான். அத்தான் கொடுக்கவில்லை என்று, யாரோ சொன்ன இடத்தில் போய் வாங்கி வந்தாராம். விருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம். சந்தோஷம் தாங்காமல் முந்தின நாள் சாயங்காலமே தனியாகத் திறந்து ருசி பார்த்திருக்கிறார். மற்றவர்கள் டியூட்டியில் இருந்ததால் தப்பினார்கள்.

அத்தான் பாட்டிலைத் திறந்து மோந்தார். மூக்கு அதற்குள் சரியாகியிருந்தது. உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து இன்னொரு தரம் மோந்தார். "இதுல தலையும் இல்ல, வாலும் இல்ல. ஈஸ்ட்டு வாசம்கூட இல்ல. இத ஒருத்தனும் காச்சல மக்கா. கலக்கியிருக்கான்" என்றார். இப்படிப் பார்வை மங்கி வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மணி நேரமும் கண்ணைத் தின்னும், பிறகு உயிரைத் தின்னும். உடனே கொண்டுபோக வேண்டும் என்றேன்.

ரூம்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் எப்போதும் போலீஸ் உட்கார்ந்திருக்கும். குடித்த கேஸ் என்றால் ஆஸ்பத்திரிக்காரர்களே சொல்லிவிடுவார்கள். "கேட்ல எறக்கி விட்டுட்டு வந்துரலாம்ணே. அவங்களே பாத்துக்குவாங்க" என்றான் ஒருவன். டிரைவர் அண்ணன் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியே வேண்டாம், மோர் குடித்துப் படுத்தால் சரியாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை ஃபிளைட், உள்ளே போட்டுவிட்டால் கல்யாணம் நின்றுபோகும் என்று அழுதார். அத்தான் கார் சாவியை எடுத்தார். பாட்டிலையும் எடுத்துப் பேன்ட் பையில் செருகினார். அக்கா கதவுக்குக் குறுக்கே நின்றாள். "பாட்டில என்னத்துக்கு எடுக்கீரு? ஒமக்குப் பைத்தியமா?"

"டாக்டருக்கு என்ன குடிச்சாருன்னு தெரியாண்டாமா?"

"ஒமக்கும் ரெண்டு புள்ளையள் இருக்கு!"

"இருக்கு" என்றார் அத்தான். அவளை மெதுவாக விலக்கிவிட்டு வெளியே போனார். நானும் பின்னால் ஓடினேன்.

காரில் நான் டிரைவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி நெருங்கியதும் அத்தான் ஓரமாக நிறுத்தி என்னை இறங்கச் சொன்னார். ஸ்டாஃப் வாசல் வழியாகப் போ, எங்களைத் தெரியாத மாதிரி நில் என்றார். நான் முடியாது என்றேன். "ரெண்டு பேரும் மாட்டுனா உங்க அக்காளுக்கும் புள்ளையளுக்கும் ஆரு இருக்கா? எறங்கு மக்கா" என்றார். அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தரம்தான். இறங்கினேன். நடந்து போனேனா, ஓடினேனா தெரியாது. எமர்ஜென்சியில் எனக்குத் தெரிந்த சிஸ்டரிடம் ஒரு ஆள் வருகிறார், கண் மங்கலாம், வேகமாகப் பார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

டியூட்டியில் இருந்தவர் ஒரு மிஸ்ரி டாக்டர். நல்லவர், அன்றைக்குக் கூட்டத்தில் திணறிக்கொண்டிருந்தார். குடித்தாயா என்று அவர் கேட்டதும் டிரைவர் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "நோ டிரிங்க் டாக்டர்! காட் பிராமிஸ்! ஒன்லி பிரியாணி!" பயம் மனுஷனை எப்படியெல்லாம் பேச வைக்கிறது பாருங்கள். சாகக் கிடக்கிறவர் சத்தியம் பண்ணுகிறார். டாக்டரும் அதை நம்பி, சாப்பாட்டுக் கோளாறு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்று என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அத்தான் குறுக்கே போய்ப் பாட்டிலை மேஜைமேல் வைத்தார். இவர் பொய் சொல்கிறார், இதைத்தான் குடித்தார், இது காய்ச்சின சாராயம் இல்லை, ஃபேக்டரி ஸ்பிரிட் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் அரபியிலும் சொன்னார். டாக்டர் பாட்டிலைத் திறந்து மோந்தார். எல்லாம் ஒரே வாசம்தானே, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

யாரோ சொன்னார்கள் என்று அத்தான் சொல்லியிருக்கலாம். சொன்னால் டாக்டர் நம்பாமல் போகவும் வாய்ப்பிருந்தது. வாசலில் நின்ற போலீஸ்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தானும் அவரைப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "ஐ மேக் அட் ஹோம், டாக்டர். எவ்ரி ஃபிரைடே. சோ ஐ நோ" என்றார். இவ்வளவுதான். வீட்டில் காய்ச்சியதென்றால் எவ்வளவு நன்றாக வெட்டினாலும் ஊறல் வாசம் கொஞ்சம் மிஞ்சும், இதில் அது இல்லை என்று கையைத் தேய்த்துக் காட்டினார். டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அந்த இடமே பரபரவென்றாகிவிட்டது. ரத்தம் எடுத்தார்கள், டயாலிசிஸுக்கு ஆள் போனது, ஸ்ட்ரெச்சர் உருண்டது. போலீஸ்காரர் உள்ளே வந்து அத்தானின் கையைப் பிடித்தார். அத்தான் ஸ்ட்ரெச்சர் போன பக்கமே பார்த்துக்கொண்டு அவரோடு நடந்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் நான் ஓடிப் போயிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

அத்தான் சில மாதம் உள்ளே இருந்தார். பிறகு கைரேகை எடுத்து, இனி இந்த நாட்டுக்குள் வரக் கூடாது என்று ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே அக்கா பிள்ளைகளின் டிசி வாங்கி, சாமான்களை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு நாகர்கோவிலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். அவள் அத்தானிடம் பேசுவதைக் குறைத்துவிட்டாள். என்னிடம் போனில் குமுறுவாள். "ஏட்டி, ஊரான் கண்ணுக்கு எம் புள்ளையளுக்க வாழ்க்கையா விலை? நல்லவர்னு நீங்கல்லாம் மெச்சுங்க. சோறு பொங்குகது நான்லா?" அவளையும் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுதத் தெரியாமல் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தான் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் ரிப்பேர் செய்கிற வேலையில் சேர்ந்து, வீடு வீடாக ஏறி இறங்கினார். வருத்தமாக இருக்கிறதா அத்தான் என்று ஒருமுறை கேட்டேன். "இல்லன்னு சொன்னா பொய்யி மக்கா. தெனமும் இருக்கு" என்றார். பிறகு மெஷினின் வடிகட்டியைக் கழுவப் போய்விட்டார்.

டிரைவர் அண்ணன் பிழைத்தார். அவரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். உயிர் போகாமல் காத்துவிட்டோம், கண்ணை முழுதாகக் காக்க முடியவில்லை என்று டாக்டர் என்னிடம் சொன்னார். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. நேராகப் பார்த்தால் எதிரே இருப்பது மறைந்துபோகும். ஓரப்பார்வை மட்டும் மிச்சம். ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

தள்ளிப்போன கல்யாணம் மறு வருஷம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனசுக்காரர்கள், காத்திருந்தார்கள். டிரைவர் அண்ணனின் மனைவிக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை. தாய்மாமன் முறைக்கு அத்தான்தான் நிற்க வேண்டும் என்று டிரைவர் அண்ணனே நாகர்கோவில்வரை பஸ் ஏறி வந்து பிடிவாதமாக அழைத்துவிட்டுப் போனார். நான் லீவில் வந்திருந்தேன். அக்கா வர மாட்டேன் என்றாள், பிறகு பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தாள். அறந்தாங்கி மண்டபத்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

முகூர்த்த நேரம். அத்தான் புது வேட்டியில் மாலையும் கையுமாகப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வந்தார். பெண் குனிந்து அப்பாவின் காலைத் தொட்டு நிமிர்ந்தாள். டிரைவர் அண்ணன் அவளுக்கு எதிரே நின்றார். நின்றவர் முகத்தைச் சட்டென்று ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். மண்டபத்தில் சலசலப்பு. எங்களுக்குப் பின் வரிசையில் மாப்பிள்ளை பக்கத்துக் கிழவி ஒருத்தி, "இதென்னடி கூத்து, பெத்த அப்பன் பொண்ணுகிட்ட மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிறான்?" என்று சத்தமாகவே கேட்டாள்.

டிரைவர் அண்ணன் அசையவில்லை. முகத்தைத் திருப்பியபடியே நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, கழுத்து மாலை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தலையை இறக்கிக்கொண்டிருந்தார். கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. பக்கத்தில் அத்தான் மாலையோடு தலைகுனிந்து நின்றிருந்தார்.

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அந்தக் கிழவியின் பக்கம் திரும்பி, மண்டபமே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மூஞ்சியத் திருப்பல பாட்டி. அவரு மகளப் பாக்காரு. நல்லாப் பாக்கட்டும்."